பாரிஸிலிருந்து வந்த ஒக்கூர்க்காரன்

"வேர் டு யூ கம் ஃப்ரம்?"

எதிரே மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருந்தவர்தான் கேட்டார். வருஷம் 1994. ஊர் மெட்ராஸ். அது சென்னையாவதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. எனக்கு வயது இருபத்திரண்டு. கையில் பி.காம். காலில் சித்தப்பா மகனுடைய ஷூ. சிவகங்கையில் ராத்திரி பஸ் ஏறி, விடிகாலையில் பாரிமுனையில் இறங்கி, காசு கொடுத்துக் குளித்து, நேரே இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன்.

கேள்வி புரிந்துவிட்டது! அதுவே பெரிய சந்தோஷம். 'எங்கேருந்து வர்றே?' என்கிறார். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"ஃப்ரம் பாரிஸ், சார்."

பாரிமுனையை மெட்ராஸ்காரர்கள் 'பாரிஸ் கார்னர்' என்பார்கள், அவசரத்துக்கு வெறும் 'பாரிஸ்'. பஸ் கண்டக்டர் அப்படித்தான் கத்தினார். நானும் அப்படியே சொல்லிவிட்டேன்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாரிஸ்?"

"எஸ் சார். மார்னிங் ஃபைவ் தர்ட்டி."

நடுவில் இருந்தவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கழன்று மேஜைமேல் விழுந்தது. இடது பக்கத்துக்காரர் நல்லவர். பேச்சை மாற்ற நினைத்து, "அக்கவுண்ட்ஸில் உனக்கு இருக்கிற இன்ட்ரஸ்ட் எதிலிருந்து 'ஸ்டெம் ஃப்ரம்' ஆகிறது?" என்று இங்கிலீஷில் கேட்டார். என் காதில் 'ஸ்டாம்ப் ஃபாரம்' என்று விழுந்தது.

"ஒட்டித்தான் சார் அனுப்பினேன். ரெண்டு ரூபா ஸ்டாம்ப்" என்றேன்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை என்பதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

திரும்பி வருகிற பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் தலையை இடித்துக்கொண்டே யோசித்தேன். நான் என்ன தப்புச் சொன்னேன்? 'எங்கேருந்து வர்றீங்க?' என்று தமிழில் கேட்டால் இரண்டு அர்த்தம் உண்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கேட்டால், எந்த ஸ்டாப்பில் ஏறினீர்கள் என்று அர்த்தம். கல்யாண வீட்டில் பெரியவர் கேட்டால், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அர்த்தம். எதைக் கேட்கிறார் என்பதை நாம் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். இங்கிலீஷ்காரன் முகத்தை நம்புவதில்லை. வினைச்சொல்லின் காலத்தை வைத்துப் பிரித்துவிடுகிறான். 'டு யூ கம் ஃப்ரம்' என்றால் சொந்த ஊர். 'டிட் யூ கம் ஃப்ரம்' என்றால் இப்போது புறப்பட்டு வந்த இடம். 'வேர் ஆர் யூ கமிங் ஃப்ரம்' என்றால் வருகிற வழி. அதே வாக்கியத்துக்கு 'எந்த எண்ணத்தில் இப்படிப் பேசுகிறாய்' என்ற அர்த்தமும் உண்டு. ஒரே 'கம்', ஒரே 'ஃப்ரம்'. நடுவில் ஒரு 'டு' போட்ட கோலத்தில் என் வேலை போயிற்று.

*

ஊருக்கு வந்ததும் முதல் காரியமாக ஒரு கைடு வாங்கினேன். 'ஃப்ரேசல் வெர்ப்' என்று ஒரு பாடம். அதில் ஒரு பொருள், ஒரு ஆள், ஒரு பிரச்னை எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்கு மட்டும் ஒரு பட்டியல்: கம் ஃப்ரம், ஹெயில் ஃப்ரம், ஸ்டெம் ஃப்ரம், அரைஸ் ஃப்ரம், டிரைவ் ஃப்ரம், டேட் பேக் டு, ட்ரேஸ் பேக் டு, ஹேண்ட் டவுன், கம் பை, கம் ஆஃப், கம் அவுட் ஆஃப்... எல்லாவற்றுக்கும் நேரே தமிழில் ஒரே அர்த்தம்: 'இருந்து வருதல்'.

பன்னிரண்டு பேருக்கும் ஒரே சட்டை தைத்த மாதிரி! எதை எங்கே போடுவது? 'டிரைவ்' என்றால் கார் ஓட்டுவதல்லவா, அது ஏன் இங்கே வந்தது? ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன். எட்டாம் நாள் எல்லாம் கலந்து சாம்பார் சாதமாகிவிட்டது.

'ஹெயில் ஃப்ரம்' மட்டும் பிடித்திருந்தது. காலேஜில் எல்லோரும் எழுந்து நின்று, "மைசெல்ஃப் இன்னார், ஹெய்லிங் ஃப்ரம் இன்ன ஊர்" என்றுதான் அறிமுகம் செய்துகொள்வோம். அதில் இரண்டு தப்பு. 'மைசெல்ஃப்' வேண்டாம், 'ஹெய்லிங்' வேண்டாம். 'ஐ ஹெயில் ஃப்ரம் ஒக்கூர்' என்றால் போதும். அதுவும் கொஞ்சம் பட்டு வேட்டி கட்டிய வார்த்தை. பேச்சில் 'ஐ கம் ஃப்ரம்' தான் பருத்திச் சட்டை.

அந்த வார்த்தை வந்த கதை அழகானது. நடுக்கடலில் ஒரு கப்பல் எதிரே வருகிற கப்பலைப் பார்த்து உரக்கக் குரல் கொடுக்கும். அப்படிக் கூவி அழைப்பதற்குப் பெயர் 'ஹெயில்'. எந்தத் துறைமுகம் என்று பதில் வரும். கப்பலுக்கு இருந்தது பிறகு மனுஷனுக்கும் வந்துவிட்டது.

நம்மிடம் அதற்கு வினைச்சொல்லே தேவைப்படவில்லை. ஊரைத் தூக்கிப் பெயருக்கு முன்னால் வைத்துவிட்டால் முடிந்தது. எங்கள் ஊரையே பாருங்கள். ஒக்கூர் மாசாத்தியார் என்ற சங்கப் புலவர், பெண், எங்கள் ஊர்க்காரர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். குறுந்தொகையில் ஐந்து, அகநானூற்றில் இரண்டு, புறநானூற்றில் ஒன்று என்று எட்டுப் பாட்டு இருக்கிறது. அவரைப் பற்றி வேறு விவரம் நம் கையில் அதிகமில்லை. ஆனால் எந்த ஊர் என்பது மட்டும் இரண்டாயிரம் வருஷத்துக்குப் பக்கமாகப் பெயரோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. நகரத்தார்களின் ஒன்பது கோயில்களில் இளையாத்தங்குடிக் கோயிலுக்கு ஏழு உட்பிரிவுகள். அதில் ஒரு பிரிவின் பெயர் ஒக்கூருடையார். ஆள் ஈப்போவில் இருந்தாலும் ரங்கூனில் இருந்தாலும் ஒக்கூருடையார்தான்.

இதெல்லாம் இப்போது பேசுகிற பேச்சு. அப்போது எனக்கு இருந்தது ஒரு கைடும், ஒரு தோல்வியும்தான். உதவிக்கு வந்தது ஆச்சி வீடு.

*

எங்கள் அப்பா ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொள்வது என்றால் கூட்டுவது, விளக்குப் போடுவது, கறையான் அரிக்காமல் காப்பது, சாவி வைத்திருப்பது. அரை முழம் நீளச் சாவி. (அந்தச் 'சாவி' என்கிற வார்த்தையே போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. அது திறந்த வீட்டில் இருந்த ஜன்னல், மேஜை, அலமாரி, எல்லாப் பெயரும் அந்தக் கப்பலில் வந்தவைதான்.) தெருவிலிருந்து பார்த்தால் முகப்பு, பிறகு வளவு, இரண்டாம் கட்டு என்று நீண்டுகொண்டே போய் அடுத்த தெருவில் முடிகிற வீடு. அவ்வளவு பெரிய வீட்டில் குடியிருந்தது ஆச்சி ஒருத்தர்தான். வயது எண்பது. பங்காளிகள் ஏழு புள்ளி. செட்டிநாட்டில் ஒரு குடும்பத்துக்குப் பெயர் ஒரு புள்ளி. அந்த ஏழு புள்ளியும் சேர்ந்து, வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொள்வது என்று அந்த வருஷம் முடிவு செய்தார்கள்.

அதில் ஒரு புள்ளி மலேசியாவில், ஈப்போவில். அவருடைய பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் சாமான் பட்டியல் இங்கிலீஷில் வேண்டும், ஒவ்வொரு பொருளும் எப்படி வந்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும் என்று அவர் லெட்டர் போட்டிருந்தார்.

ஆச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "தம்பி, நீதான் பி.காம். படிச்சிருக்கியே. நீயே எழுதிரு."

எனக்கு ஒரே குஷி. கைடில் படித்த பன்னிரண்டையும் இறக்கிவிட இதைவிட நல்ல இடம் ஏது! மூன்று நாளில் நாற்பது பக்க நோட்டை நிரப்பினேன். தூண், 'ஹெய்ல்ஸ் ஃப்ரம் பர்மா'. குத்துவிளக்கு, 'ஸ்டெம்ஸ் ஃப்ரம் கிராண்ட்ஃபாதர்'. இரண்டாம் கட்டில் இருந்த ஒரு தேக்குப் பெட்டகமும், அதற்குள் இருந்த மங்குச் சாமான்களும், 'ஹேண்டட் டவுன் இன் த ஃபேமிலி'. கடைசி வரி எழுதியதும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. என்ன கம்பீரம்!

ஈப்போக்காரர் வந்தார். வளவில் பாய் விரித்து ஏழு புள்ளியும் உட்கார, அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். பெட்டகம் வந்ததும் நிறுத்தினார்.

"ஹேண்டட் டவுன்னு போட்டிருக்கே. அப்ப இது பாட்டன் சொத்து. பொதுவிலே வச்சுருவோம்."

யாரும் பேசவில்லை. ஆச்சி மட்டும் என்னைப் பார்த்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"தம்பி, அது வழி வழியா வந்தது இல்லப்பா" என்றார் ஆச்சி, மெதுவாக. "என்கூட வந்தது. தேவகோட்டையிலேருந்து எங்க அப்பச்சி சீர் வச்சு அனுப்புன பெட்டகம்."

வழி வழியாக வந்தது. கூட வந்தது. நம் காதுக்கு ஒரு சொல் வித்தியாசம். சட்டத்துக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முன்னோர் வழி வந்தால் ஏழு பங்கு. கல்யாணப் பெண்ணோடு சீராக வந்தால் அது அவளுக்கு மட்டுமே சொந்தம். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவும் பெண் கையில் உள்ள சொத்து முழுக்க அவளுடையது என்றுதான் சொல்கிறது. நான் அழகுக்காகப் போட்ட இரண்டு இங்கிலீஷ் வார்த்தை, எண்பது வயது மனுஷியிடமிருந்து அவர் பிறந்த வீட்டு ஞாபகத்தைப் பிடுங்கப் பார்த்தது.

நல்லவேளை, ஈப்போக்காரர் பெரிய மனுஷர். "அப்படியா பெரியாத்தா? அப்ப அதைத் தொட வேணாம்" என்று பேனாவால் அடித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, தெரியாத வார்த்தையைப் போடாதே. தெரிஞ்சதைக் கேட்டு எழுது" என்றார்.

அன்று ராத்திரி நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆச்சியிடம் போனேன். "ஆச்சி, மொதல்லேருந்து சொல்லுங்க. எது எப்படி வந்துச்சு?"

*

ஆச்சி அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, நான் பின்னால் எழுதிக்கொண்டே போனேன். பாதி வீட்டைத் தாண்டும்போதுதான் ஒன்று புரிந்தது. கைடில் எனக்கு ஏறாத அத்தனையும் ஆச்சி வாயில் இருந்தது. எல்லாம் 'வா' என்கிற ஒரே வினையில்!

"இந்தத் தூணெல்லாம் பர்மாவுலேருந்து வந்தது." அதுதான் 'கேம் ஃப்ரம்'. கப்பலில் வந்த சாமானுக்கு ஹெயிலும் வேண்டாம், மயிலும் வேண்டாம். தரைச் சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது, எல்லாவற்றுக்கும் 'கேம் ஃப்ரம்' போதும். அங்கேயும் ஒரு வேடிக்கை. 'டீக்' என்ற இங்கிலீஷ் சொல், தேக்கு என்ற நம் பக்கத்துச் சொல், மலையாளக் கரையில் போர்ச்சுகீசியர் காதில் விழுந்து போனது. மரம் பர்மாவிலிருந்து வந்தது. பெயர் நம்மிடமிருந்து போனது.

"இந்த வீடு என் மாமனார் காலத்துது." அதுதான் 'டேட்ஸ் பேக் டு'. இடம் இல்லை, காலம். வருஷத்தைச் சொல்லி அதற்குப் பின்னால் போவது. வீடு, கோயில், வழக்கம், இவற்றுக்குப் பொருந்தும். ஆளுக்குப் போட்டால் மியூசியத்தில் வைத்துவிடுவார்கள்.

"இந்த வெள்ளிச் செம்பு வழி வழியா வந்தது." அதுதான் 'ஹேண்டட் டவுன்'. கையிலிருந்து கைக்கு, மேலிருந்து கீழே.

"இது என்கூட வந்தது." 'கேம் வித் மீ'. இதை எந்தக் கைடிலும் நான் பார்க்கவில்லை.

பெட்டகத்தைத் திறந்து மங்கு ஜாடிகளைக் காட்டினார். பீங்கானையும் எனாமல் பாத்திரத்தையும் எங்கள் பக்கம் மங்கு என்பார்கள். மலாய் மொழியில் கிண்ணத்துக்கு 'மங்குக்' என்று பெயர். கிண்ணத்தோடு பெயரும் கப்பலேறி வந்திருக்கிறது.

சுவர்க் கடிகாரத்தின் அடியில் நின்றேன். "இதுவா? காரைக்குடியிலே யாரோ வித்தாங்கன்னு கைமாறி வந்துச்சு." அது 'கம் பை'. எப்படியோ கிடைத்தது என்று அர்த்தம். ஜாக்கிரதையாகப் போட வேண்டிய வார்த்தை. "ஹவ் டிட் யூ கம் பை திஸ்?" என்று போலீஸ்காரர் கேட்டால், பொருளின் ஜாதகத்தையல்ல, உங்கள் ஜாதகத்தைக் கேட்கிறார்.

"இந்தக் கதவு வளையம் கழண்டு வந்துருச்சு." 'கேம் ஆஃப்'. சட்டைப் பட்டன் அறுந்தாலும், சுவர் காரை பெயர்ந்தாலும் அதேதான்.

"இந்த விரிசலுக்குக் காரணம் ஓடு. ஓடு உடைஞ்சு மழைத் தண்ணி எறங்கி, அதுலேருந்து வந்த வினை." ஆகா! இதுதான் 'ஸ்டெம் ஃப்ரம்'. ஸ்டெம் என்றால் தண்டு. வேர் ஓரிடத்தில், இலை ஓரிடத்தில். பிரச்னைக்கும், பழக்கத்துக்கும், பயத்துக்கும் போடலாம். 'அரைஸ் ஃப்ரம்' அதற்கு அண்ணன், கோர்ட்டிலும் ஆபீஸிலும் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பான். தாத்தாவுக்குப் போடக்கூடாது. என் பழைய நோட்டுப்படி, குத்துவிளக்குத் தாத்தாவின் உடம்பிலிருந்து முளைத்திருந்தது!

'டிரைவ் ஃப்ரம்' மட்டும் வீட்டுக்குள் அகப்படவில்லை. பிறகு ஒரு நாள் அகராதியில் கிடைத்தது. லத்தீனில் ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரித்து நீர் கொண்டு போவதற்கான சொல்லாம் அது. கார் ஓட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மழையை நம்பிக் கண்மாயும் ஊருணியும் வெட்டி வைத்திருக்கிற எங்கள் சீமைக்காரனுக்கு இதைப் புரியவைக்கவா வேண்டும்? கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற கால்வாய்க்கு எங்களிடம் பெயரே வரத்துக்கால். ஒரு சொல் இன்னொரு சொல்லிலிருந்து வந்தால், ஒரு வருமானம் ஒரு தொழிலிலிருந்து வந்தால், 'டிரைவ்'.

*

கடைசியாக ஒரு கைப்பெட்டி. கணக்கு எழுதுவதற்குச் சாய்வு மூடி வைத்த மரப்பெட்டி.

"இது?"

ஆச்சி உட்கார்ந்துவிட்டார். "அவுக பர்மாவுலேருந்து வரும்போது இதோட வந்தாக. வேற ஒண்ணும் வரலை."

1942. ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்த வருஷம். கிட்டங்கியைப் பூட்டினது பூட்டினபடி விட்டுவிட்டு வந்தவர்களில் அவர் கணவரும் ஒருவர். கிட்டங்கி என்றால் அங்கே செட்டியார்கள் தங்கி, கொடுக்கல் வாங்கல் நடத்திய இடம். அந்தச் சொல்லின் ஊரைத் தேடிப் போனால், அதாவது 'ட்ரேஸ் பேக்' பண்ணினால், ஒரு பெரிய கப்பல் பயணமே இருக்கிறது. நம் கிட்டங்கியும் தெலுங்கின் கிட்டங்கியும்தான் மலாயில் 'குடாங்' ஆகி, போர்ச்சுகீசியர் வாயில் புரண்டு, இங்கிலீஷில் 'கோடவுன்' ஆயிற்று என்பது அகராதிக்காரர்கள் காட்டுகிற ஒரு வழி. நாம் அதைத் திரும்ப வாங்கி 'குடோன்' என்று லாரிமேல் எழுதிக்கொண்டோம். சொல் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. சொத்துத்தான் வரவில்லை.

அந்தச் சொத்து எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1930-களில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. பணமாகத் திரும்ப வேண்டிய கடன் நிலமாகத் திரும்பியது. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 'ஹவ் டிட் யூ கம் பை திஸ்?' என்று பர்மாக்காரன் கேட்டான். 1948-ல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. இரண்டு பக்கமும் இழந்தவர்கள் இருந்தார்கள்.

கைப்பெட்டிக்குள் ஒரு காகிதக் கட்டு. மனுக்களின் நகல். நஷ்ட ஈடு கேட்டு எழுதி எழுதிப் பழுப்பேறிப்போன காகிதங்கள்.

"எழுதிக்கிட்டே இருந்தாக. அதுலேருந்து ஒண்ணும் வரலை."

எனக்குச் சட்டென்று கைடில் ஒரு வரி ஞாபகம் வந்தது. 'நத்திங் கேம் ஆஃப் இட்.' இந்த 'ஆஃப்'-க்கு ஒரு எஃப் தான். பட்டன் அறுந்து விழுகிற 'ஆஃப்'-க்கு இரண்டு எஃப். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். ஒன்றில் பட்டன் போகிறது, மற்றதில் ஒரு மனுஷனின் ஆயுசு போகிறது. அதை நான் எழுதவில்லை. 'கேம் ஃப்ரம் ரங்கூன், 1942' என்று மட்டும் எழுதினேன். ஆச்சி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அம்புட்டுத்தான்" என்றார்.

*

அடுத்த வருஷம், 1995. மதுரையில் ஒரு இன்டர்வியூ.

"வேர் டு யூ கம் ஃப்ரம்?"

"ஐ கம் ஃப்ரம் ஒக்கூர், சார். ஐ கேம் ஃப்ரம் ஒக்கூர் திஸ் மார்னிங்."

எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு காலத்திலும் சொல்லிவிட்டேன். கேட்டவர் புன்னகைத்தார். கணக்கில் ஆர்வம் எதனால் வந்தது என்றார். ஒரு பெரிய வீட்டின் சாமான் பட்டியலையும், ஒரு வார்த்தை தப்பானதில் ஒரு பெட்டகம் போக இருந்ததையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். வேலை வந்தது.

முப்பது வருஷமாக ஆபீஸ்தான் என் ஊர். இங்கே நான் கண்டுபிடித்த ஒன்றை இளைய நண்பர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் லாபம் எங்கிருந்து வந்தது என்று எழுதும்போது எல்லோருடைய இங்கிலீஷும் பிரமாதமாக இருக்கும். 'த சேவிங் கேம் ஃப்ரம் மை சஜஷன்.' தப்பு எங்கிருந்து வந்தது என்று எழுதும்போதுதான் மொழி திக்கும். 'அன் எரர் ஹேஸ் க்ரெப்ட் இன்.' ஒரு பிழை ஊர்ந்து வந்து உள்ளே நுழைந்துவிட்டதாம்! யாரும் செய்யவில்லை. ராத்திரி செக்யூரிட்டி அசந்த நேரத்தில் பல்லி மாதிரி வந்திருக்கிறது.

நானும் எழுதியிருக்கிறேன். ஒருமுறை என் கூட்டல் தப்பினால் ஒரு பில் தாமதமானது. 'த டிலே அரோஸ் ஃப்ரம் த டெஸ்பாட்ச் செக்ஷன்' என்று டைப் அடித்தேன். இலக்கணம் சுத்தம். டெஸ்பாட்சில் இருந்தவர் இன்னும் இரண்டு வருஷத்தில் ரிட்டையர் ஆக வேண்டியவர். கையெழுத்துப் போடுகிற நேரத்தில் வளவுப் பாயில் ஆச்சி என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'த டிலே கேம் ஃப்ரம் அ மிஸ்டேக் ஆஃப் மைன்' என்று அடித்துக் கொடுத்தேன். மெமோ வந்தது. தூக்கமும் வந்தது.

ஆச்சி இப்போது இல்லை. பெட்டகம் அவர் விருப்பப்படி பேத்தி வீட்டுக்குப் போய்விட்டது. போகும்போது மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டினேன். 'கேம் வித் ஹர் ஃப்ரம் தேவகோட்டை.'

போன மாசம் எங்கள் ஆபீஸில் ஒரு இன்டர்வியூ. இந்தத் தடவை நான் மேஜைக்கு அந்தப் பக்கம். ஒரு பையன் வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, தூங்காத கண். பக்கத்தில் இருந்த அதிகாரி கேட்டார்.

"வேர் டு யூ கம் ஃப்ரம்?"

"ஃப்ரம் கிளாம்பாக்கம், சார்."

பஸ் ஸ்டாண்டு! அதிகாரி வாயைத் திறந்து சிரிக்கப் போனார். நான் முந்திக்கொண்டேன்.

"கிளாம்பாக்கத்துக்கு எங்கேருந்து தம்பி வந்தீங்க?"

"சிவகங்கை, சார்."

"ஒக்கூர் தெரியுமா?"

பையன் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. "எங்க அப்பத்தா ஊரு, சார்!"

"யுவர் கிராண்ட்மதர் கம்ஸ் ஃப்ரம் ஒக்கூர்" என்று மெதுவாக, அவனுக்குக் காதில் விழும்படி ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனேன்.